60 செ.மீ. திமிங்கலம் பின்ன எந்த நூல்: ஆக்ரிலிக்கா, வெல்வெட்டா, பருத்தியா?

உள்ளங்கை அளவு ஆக்டோபஸ் பின்னும்போது நூல் சரிப்படவில்லை என்றால் ஒரு மாலைப் பொழுது வீணாகும், அவ்வளவுதான். முழத்துக்கும் நீளமான திமிங்கலத்தில் கதை வேறு. பாதி உடல் முடிந்து முதல் பிடி பஞ்சைத் திணிக்கும்போதுதான் கண்ணிகளுக்கு நடுவே வெள்ளை எட்டிப் பார்க்கும். அதற்குள் நாலாயிரம் கண்ணி போட்டாகியிருக்கும். பெரிய பொம்மைகள் பாதியில் மூலைக்குப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் பின்னத் தெரியாமை இல்லை. நூலைத் தேர்ந்தெடுத்த நாளில் செய்த தவறு அது.

"வெல்வெட் நூலில் பின்னினால் அழகாக இருக்கிறது, ஆனால் கஷ்டம் என்கிறார்களே; சாதாரண உல்லன் போதுமா; குழந்தைக்கென்றால் பருத்திதானே நல்லது?" பெரிய பொம்மை பின்ன நினைப்பவர்கள் சுற்றிச் சுற்றிக் கேட்பது இந்த மூன்றைத்தான். பதில் சொல்ல ஓர் உருவத்தை எடுத்துக்கொள்வோம்: மூக்கு முதல் வால் அடி வரை 60 செ.மீ. நீளம், வயிற்றில் 72 செ.மீ. சுற்றளவு உள்ள நீலத் திமிங்கலம். குரோஷே என்னும் கொக்கி ஊசிப் பின்னலின் அடிப்படைக் கண்ணியான சிங்கிள் குரோஷேயில், சுருள் சுற்றாக, மூக்கிலிருந்து தொடங்கிப் பின்னுவது. மூன்று நூலையும் இதே அளவுக்கு வைத்துத்தான் பார்க்கப்போகிறோம். அளவை நிலையாக வைக்காமல் நூல்களை ஒப்பிட்டால் எல்லாக் கணக்கும் தவறிவிடும். வெல்வெட் நூலுக்கு எழுதிய 72 கண்ணிப் பின்னல் குறிப்பை ஒற்றை இழை ஆக்ரிலிக்கில் பின்னினால் கண்ணிக்கு 5 மி.மீ. வீதம் சுற்றளவு 36 செ.மீ.தான் வரும். பெரிய திமிங்கலம் பின்ன உட்கார்ந்தவர் பாதி அளவுக் குட்டியோடு எழுந்திருப்பார்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

யார் கைக்குப் போகிறது. வாயில் வைக்கும் வயதா, தலைக்கு வைத்துப் படுக்கும் வயதா, அலமாரியில் உட்காரப் போகிறதா. மற்ற எல்லாக் கேள்விக்கும் முன்னால் இது.

பஞ்சு வெளியே தெரியுமா. சின்னப் பொம்மையில் துணி வளைவாக இருப்பதால் கண்ணிகள் நெருங்கி நிற்கும். 72 செ.மீ. சுற்றளவில் பஞ்சு உள்ளிருந்து முழுப் பலத்தோடு தள்ளும், கண்ணி விரியும். மேசைமேல் கெட்டியாகத் தெரிந்த மாதிரித் துண்டு (சோதனைக்குப் பின்னிய சிறு சதுரம்), திணித்த பிறகு சல்லடையாகிவிடும். மாதிரியை இரு கையாலும் இழுத்துப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள்.

கண்ணி கண்ணுக்குத் தெரியுமா. எண்ண முடியாத நூலில், உருவம் விரியக் கண்ணி கூட்டுவதும் ஒடுங்கக் குறைப்பதும் குருட்டுக் கணக்கு.

பிரித்தால் நூல் உயிரோடு இருக்குமா. இத்தனை ஆயிரம் கண்ணியில் பிரிக்காமல் முடிக்கிறவர் அபூர்வம்.

துவைத்தால் எத்தனை நாளில் காயும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றிலும் ஐப்பசி மழையிலும் இது சின்னக் கேள்வி இல்லை. உள்ளே ஈரம் தங்கினால் முதலில் வாடை வரும், பிறகு கரும்புள்ளி விழும்.

கை தாங்குமா, பணம் தாங்குமா. இரண்டுக்கும் கணக்குப் போடலாம்.

## கணக்கு

எவ்வளவு நூல் வேண்டும் என்பதற்கு யாரையும் கேட்க வேண்டாம். 10 × 10 செ.மீ. மாதிரி ஒன்றைப் பின்னி, கிராம் காட்டும் சமையலறைத் தராசில் நிறுங்கள். சுற்றளவை நீளத்தால் பெருக்குங்கள்: 72 × 60 = 4,320 சதுர செ.மீ. உடல் இரு முனையிலும் ஒடுங்குவதால் மிச்சமாகும் பரப்பு துடுப்புக்கும் வாலுக்கும் ஏறக்குறையப் போதும். ஆக 43 மாதிரித் துண்டுகளின் எடை. மாதிரி 8 கிராம் என்றால் 344 கிராம். 400 வாங்கினால் நிம்மதி.

கீழே உள்ள எண்கள் நடுத்தரமான கைப்பிடிக்கு. உங்கள் பிடி இறுக்கமானால் கொஞ்சம் மாறும். நேரக் கணக்கில் நிமிடத்துக்கு ஆக்ரிலிக்கில் 18, வெல்வெட்டில் 10, பருத்தியில் 20 கண்ணி என்று வைத்திருக்கிறது. பஞ்சு திணிப்பதும் தைப்பதும் தனி.

| | ஆக்ரிலிக் (இரு இழை சேர்த்து) | வெல்வெட் நூல் | பருத்தி (ஒற்றை இழை) |
|---|---|---|---|
| ஊசி | 4.5–5 மி.மீ. | 5–5.5 மி.மீ. | 2.5–3 மி.மீ. |
| 10 செ.மீ.க்குக் கண்ணி | 14 | 10 | 22 |
| வயிற்றுச் சுற்றில் கண்ணி | 102 | 72 | 156 |
| மொத்தக் கண்ணி, சுமார் | 9,000 | 4,300 | 22,800 |
| பின்னும் நேரம் | 8–9 மணி | 7 மணி | 19 மணி |
| வாங்க வேண்டிய நூல் | 400 கிராம் | 300 கிராம் | 350 கிராம் |
| கிராம் கணக்கில் விலை | குறைவு | அதிகம் | நடுத்தரம் |
| பிரித்துப் பின்னலாமா | தாராளமாக | ஒருமுறை தாங்கும் | எத்தனை முறையும் |
| பஞ்சு தெரியுமா | ஊசி பெரிதானால் தெரியும் | தெரியாது | இறுக்கிப் பின்னினால் தெரியாது |
| துவைப்பு | எளிது | கையால், பிழியாமல் | எளிது, காய்வது தாமதம் |

ஆக்ரிலிக்கில் பாதிக்கும் குறைவான கண்ணிகளே வெல்வெட்டுக்கு. ஆனால் மிச்சமாவது ஒன்றரை மணி நேரம்தான். கண்ணியை விரலால் தடவித் தேடும் நேரம் மீதியை விழுங்கிவிடுகிறது. "வெல்வெட்டில் சீக்கிரம் முடியும்" என்று நம்பி வாங்குகிறவர்கள் இந்த வரியை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

## வெல்வெட் நூல்: எல்லோரும் ஆசைப்படுவது

செனில் என்றும் பிளஷ் நூல் என்றும் இதைத்தான் சொல்கிறார்கள். நடுவே மெல்லிய முறுக்கு நூல், அதில் குத்திட்டு நிற்கும் பாலியெஸ்டர் பூ. தொட்டதும் கன்றுக்குட்டியின் நெற்றியைத் தடவுவது போலிருக்கும். இந்தச் சுகம் வேறு எந்த நூலிலும் வராது. பெரிய உருவத்துக்கு இதில் உண்மையான லாபமும் உண்டு: பூ விரிந்து கண்ணி இடுக்கை அடைத்துவிடுவதால் எவ்வளவு இறுக்கித் திணித்தாலும் பஞ்சு தெரியாது.

துருக்கியில் தயாராகும் ஹிமாலயா டால்ஃபின் பேபி 100 கிராம் பந்தில் 120 மீட்டர் வரும். மூன்று பந்து போதும். பெர்னாட் பிளாங்கெட் இன்னும் பருமன், 300 கிராமுக்கு சுமார் 200 மீட்டர். அதில் பின்னினால் கண்ணி எண்ணிக்கை குறையும், ஊசி பெரிதாகும், மேலே சொன்ன 72 கண்ணிக் கணக்கு பொருந்தாது. இரண்டையும் "வெல்வெட் நூல்தானே" என்று ஒரே பின்னல் குறிப்புக்குப் பயன்படுத்தக் கூடாது.

இனி, இந்த நூல் எங்கே காலை வாரும் என்று பார்ப்போம்.

தொடக்கத்திலேயே ஒன்று. மேஜிக் ரிங் (இழுத்தால் இறுகும் தொடக்க வளையம்) போட்டு நூல் முனையை இழுத்து இறுக்கும்போது நடு நூல் அறுந்துவிடும், அல்லது பூ உரிந்து மொட்டை நூல் கையோடு வரும். இரண்டு சங்கிலி போட்டு, முதல் சங்கிலிக்குள் ஆறு சிங்கிள் குரோஷே பின்னித் தொடங்குங்கள். நடுவில் சின்ன ஓட்டை விழும். அது மூக்கு நுனி என்பதால் கடைசியில் அதே நிறத்து ஆக்ரிலிக் நூலால் இழுத்துத் தைத்துவிடலாம்.

அடுத்தது எண்ணிக்கை. முதல் கண்ணியில் மட்டும் ஸ்டிச் மார்க்கர் (கண்ணியில் மாட்டும் அடையாள வளையம்) போட்டால் போதாது. ஆறு கூட்டல் இடங்களிலும் ஆறு மார்க்கர் மாட்டுங்கள். 72 கண்ணிச் சுற்றில் ஒவ்வொரு மார்க்கருக்கு நடுவிலும் 12 இருக்க வேண்டும். பிழை வந்தால் அந்த ஒரு பகுதியை மட்டும் தடவிப் பார்த்தால் போதும். சுற்றின் ஆரம்பத்தில் வேறு நிறத் தையல் நூல் ஒன்றை முன்னும் பின்னுமாகப் போட்டுக்கொண்டே போனால் எத்தனை சுற்று ஆயிற்று என்பதும் தெரியும். கருநீலத்தில் இரவு விளக்கில் பின்னாதீர்கள். பகல் வெளிச்சம், வெளிர் நீலம், இரண்டும் இருந்தால் பாதித் துன்பம் குறையும்.

மூன்றாவது, பிரிப்பது. ஒருமுறை பிரித்த வெல்வெட் நூலில் பூ கொட்டியிருக்கும். அதே இடத்தை இரண்டாம் முறை பின்னினால் சொட்டையாகத் தெரியும். பிரிக்க வேண்டி வந்தால் இழுக்காமல் ஒவ்வொரு கண்ணியாக ஊசியால் தளர்த்தி எடுங்கள். ஒரு கண்ணி கூடினாலோ குறைந்தாலோ பிரிக்கவே வேண்டாம், அடுத்த சுற்றில் சரிசெய்துகொள்ளலாம். பூவுக்கு நடுவே யாருக்கும் தெரியாது. இந்தச் சலுகையை ஆக்ரிலிக் தராது.

நான்காவது, தைப்பது. துடுப்பையும் வாலையும் வெல்வெட் நூலாலேயே தைக்கப் போனால் நாலாவது இழுப்பில் நூல் வழுக்கையாகிவிடும். அதே நிறத்து ஆக்ரிலிக் நூலோ தடித்த பாலியெஸ்டர் தையல் நூலோ எடுத்துக்கொள்ளுங்கள். பூவுக்குள் புதைந்துவிடும். பந்து மாற்றும் இடத்தில் முடிச்சு நழுவாமலிருக்க, இரு முனையிலும் 2 செ.மீ. அளவுக்குப் பூவை நகத்தால் உருவி எடுத்து, நடு நூல்களை மட்டும் சேர்த்து முடிச்சுப் போடுங்கள்.

கணக்கில் வராத செலவும் உண்டு. நூல் தீர்ந்தால் அதே நிறம் பக்கத்துக் கடையில் கிடைக்காது, பெரும்பாலும் தபாலில்தான் வரும். ஒரு பந்துக்காகக் கூரியர் கட்டணம் கொடுப்பதைவிட முதலிலேயே ஒரு பந்து கூடுதலாக வாங்குவது மேல். வெட்டிய முனைகளிலிருந்து பூ உதிர்ந்து மூக்கில் ஏறும். தூசி ஒவ்வாமை உள்ளவர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு வெட்டலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்த நூல் வேண்டாம். வாயில் வைத்துச் சப்பினால் பூ கையோடும் வாயோடும் போகும்.

யாருக்கு இது சரி? ஏற்கெனவே நாலைந்து அமிகுருமி (குரோஷே பொம்மை) முடித்து, பார்க்காமலே கண்ணியின் இடம் விரலுக்குத் தெரிந்தவருக்கு. நாலு வயதுக்கு மேற்பட்ட, கட்டிப்பிடித்துத் தூங்கும் பிள்ளைக்கு. உருவம் எளிமையாக இருக்கும்போது. ஆவுளியா, திமிங்கலம், கடல்நாய் எல்லாம் வெல்வெட்டுக்கென்றே பிறந்த உடல்கள். எட்டுக் கைக்கும் எட்டு முறை தைக்க வேண்டிய ஆக்டோபஸ் அப்படியில்லை.

## ஆக்ரிலிக், இரு இழை சேர்த்து: முதல் பெரிய பொம்மைக்கு

கடையில் "உல்லன்" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் ஆக்ரிலிக்தான். ஆட்டு ரோமம் இல்லை. ஒற்றை இழையில் இந்த அளவு பின்னினால் கண்ணி பதினேழாயிரத்தைத் தாண்டும். இரண்டு பந்திலிருந்து இரண்டு இழையைச் சேர்த்துப் பிடித்தால் 9,000. துணியும் விறைப்பாகும், பெரிய வயிறு தொங்காது.

இரு இழையில் இன்னொரு சுகமும் உண்டு. ஒன்று கருநீலம், ஒன்று வெளிர் நீலம் என்று சேர்த்தால் கடல் நீரின் மேல் வெயில் விழுந்த மாதிரி கலந்த நிறம் வரும். சாயத் தொகுதி (ஒரே முறையில் சாயமேற்றிய நூல்) மாறினாலும் அந்தக் கலப்பில் மறைந்துவிடும். ஒரே நிறத்தில் பின்னுகிறவர்கள் பந்தின் தாளில் உள்ள லாட் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து மொத்தத்தையும் ஒரே நாளில் வாங்க வேண்டும். முதுகின் நடுவில் நீலம் ஒரு சாயல் மாறினால் அது திட்டாகத்தான் தெரியும்.

102 கண்ணி உடலுக்கு ஒரு திட்டம்:

- 1 முதல் 8 சுற்று: ஒவ்வொரு சுற்றிலும் 6 கூட்டி, 48 கண்ணி.
- 9 முதல் 26: ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று 6 கூட்டி, 102 கண்ணி.
- 27 முதல் 51: கூட்டாமல் 25 சுற்று.
- 52 முதல் 103: நாலு சுற்றுக்கு ஒருமுறை 6 குறைத்து, 24 கண்ணியில் முடிவு. அங்கேதான் வால் சேரும்.

கூட்டல்களை எப்போதும் ஒரே இடத்தில் வைத்தால் தலை அறுகோணமாகும். ஒரு கூட்டல் சுற்றில் கூட்டலை இடைவெளியின் முடிவிலும் அடுத்ததில் நடுவிலும் வையுங்கள், உருண்டையாக வரும். குறைக்கும்போது இரு கண்ணிகளின் முன் வளையத்தை (கண்ணியின் மேலே தெரியும் இரண்டு வளையங்களில் உங்கள் பக்கம் உள்ளதை) மட்டும் எடுத்துச் சேர்த்துப் பின்னினால் ஓட்டை விழாது.

இதில் தவறுவது எங்கே? கொக்கி ஓர் இழையை மட்டும் பிடித்து இன்னொன்றை விட்டுவிடும். வெளியில் ஒரு சின்ன வளையம் நீட்டிக்கொண்டு நிற்கும்; அதில் பிள்ளையின் விரல் மாட்டும், இழுத்தால் வரிசையே சுருங்கும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் உடலை ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிடுங்கள். ஒரே பந்தின் உள்முனையையும் வெளிமுனையையும் சேர்த்துப் பிடித்தால் நூல் முறுக்கி முடிச்சாகும். இரண்டு பந்து, இரண்டு தனிப் பாத்திரம்.

பஞ்சு தெரிவதுதான் ஆக்ரிலிக்கின் பெரிய குறை. இதற்கு ஊசியைக் குறைப்பதற்கு முன்னால் இழுக்கும் முறையை மாற்றிப் பாருங்கள். கண்ணிக்குள் ஊசியை விட்டபின் நூலை ஊசிமேல் சுற்றி எடுப்பதற்குப் பதில், கொக்கியால் நூலை மேலிருந்து அமுக்கிப் பிடித்து உருவினால் கண்ணி V வடிவத்திலிருந்து X வடிவமாகும். துணி இறுகும், சுற்றளவு ஓரளவு குறையும். மாதிரித் துண்டையும் அதே முறையில் பின்னியிருக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் உள்ளே நீலத் துணிப் பை வைக்கலாம். அது பின்னால் வருகிறது.

இஸ்திரிப் பெட்டியை இதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சூட்டில் ஆக்ரிலிக் உருகித் துவண்டுவிடும். துணியின் விறைப்பு திரும்ப வராது. நாளாவட்டத்தில் உராயும் இடங்களில் சிறு சிறு உருண்டையாகப் பூசணம் போலத் திரளும். கத்தரித்துவிடலாம், தடுக்க முடியாது.

## வயிற்று மடிப்பு

நீலத் திமிங்கலத்தை நீலத் திமிங்கலமாகக் காட்டுவது தாடையிலிருந்து வயிறு வரை ஓடும் நீள மடிப்புகள்தான். நூல் தேர்வில் இதற்கும் ஒரு குரல் உண்டு.

பலர் சுற்றுக்குள்ளேயே வெள்ளை நூலை மாற்றிப் பின்னப் பார்ப்பார்கள். சுருளாகப் பின்னும் சிங்கிள் குரோஷேயில் கண்ணி ஒன்றன்மேல் ஒன்று நேராக அமராது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பக்கவாட்டில் நகரும். 103 சுற்று போவதற்குள் வயிற்றின் வெள்ளை, விலாப்பக்கம் ஏறி நிற்கும். அதைவிட உடலை முழுக்க நீலத்தில் முடித்து, வயிற்றுத் துண்டைத் தனியாகப் பின்னித் தைப்பது நிச்சயமானது. 35 செ.மீ. நீளத்துக்குச் சங்கிலி போட்டு, வரிசை வரிசையாகப் பின் வளையத்தில் மட்டும் சிங்கிள் குரோஷே. இரண்டு வரிசைக்கு ஒரு மடிப்பு தானாக எழும். 20 செ.மீ. அகலம் வந்ததும் நிறுத்தி, முன்பக்க ஓரத்தை வளைவாக இழுத்துத் தையுங்கள். வெள்ளை நூல் சுமார் 50 கிராம் கூடும்.

பருத்தியில் இந்த மடிப்பு கோடு கிழித்தாற்போல் நிற்கும். ஆக்ரிலிக்கிலும் நன்றாகவே தெரியும். வெல்வெட்டில் பின்வளையத்தைக் கண்டுபிடிப்பதே பாடு, பின்னினாலும் பூ மூடிவிடும். உடலை வெல்வெட்டிலும் வயிற்றை ஆக்ரிலிக்கிலும் வைப்பது நல்ல கூட்டு. தொட்டுப் பார்க்கும் குழந்தைக்கு இரண்டு விதத் தொடுகை கிடைக்கும்.

வால் துடுப்பு தரைக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். நிமிர்த்தித் தைத்தால் அது மீனின் வால். முதுகுத் துடுப்பு நீலத் திமிங்கலத்துக்கு மிகச் சின்னது, வாலுக்குப் பக்கத்தில். நடு முதுகில் பெரிதாக வைத்தால் வேறு பிராணியாகிவிடும்.

## பருத்தி: பொறுமை இருப்பவருக்கு

பருத்தியில் கண்ணி ஒவ்வொன்றும் முத்துக் கோத்தது போல் தெரியும். பிரித்தாலும் நூல் புதிதாகவே இருக்கும். பூ உதிராது, உருண்டை திரள்வது குறைவு, சப்பினாலும் வாயில் இழை வராது. ஒரு வயதைத் தொடும் குழந்தைக்கு ஏதாவது பின்ன வேண்டும் என்றால் நூல்களில் இதுவே முதலிடம்.

ஆனால் 22,800 கண்ணி. தினம் ஒரு மணி நேரம் என்றால் மூன்று வாரம் நெருங்கும். பருத்தியில் நெகிழ்வு கிடையாது. ஒவ்வொரு கண்ணியிலும் இழுக்கும் பலம் முழுக்கக் கட்டைவிரல் அடிக்கும் மணிக்கட்டுக்கும் போகும். மெல்லிய அலுமினிய ஊசியைத் தவிர்த்து, ரப்பர் பிடி வைத்த ஊசியாக எடுத்துக்கொண்டு, அரைமணிக்கு ஒருமுறை கையை விரித்து விட வேண்டும். கைவலி ஏற்கெனவே உள்ளவர்கள் இந்த அளவுக்குப் பருத்தியைத் தொடவே வேண்டாம்.

பருத்திப் பொம்மை கனம் என்று பொதுவாகச் சொல்வார்கள். காய்ந்த நிலையில் அட்டவணையைப் பாருங்கள், பெரிய வித்தியாசம் இல்லை. நனைந்தால்தான் தெரியும். நூலே தண்ணீரைக் குடித்துக்கொள்ளும்; வாலைப் பிடித்துத் தொங்கவிட்டால் உடல் நீண்டு, காய்ந்த பிறகும் அப்படியே நின்றுவிடும். படுக்கவைத்துத்தான் உலர்த்த வேண்டும்.

கருநீலப் பருத்திக்குப் பக்கத்தில் வெள்ளை வயிறு வைப்பதற்கு முன்னால் சாயத்தைச் சோதியுங்கள். மாதிரித் துண்டை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணிக்குள் மடித்து, மேலே கனம் வைத்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் துணியில் நீலம் இருந்தால் அந்த நூலை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். உப்பிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பதைப் பருத்தி விஷயத்தில் நம்ப வேண்டாம்.

"மில்க் காட்டன்" என்ற பெயரைப் பார்த்து முழுப் பருத்தி என்று வாங்கிவிடாதீர்கள். அதில் பெரும்பாலும் ஆக்ரிலிக் கலந்திருக்கும். விகிதம் தாளில் அச்சிட்டிருக்கும். கலப்பு கெடுதல் இல்லை, கைக்கு மெதுவாகவும் இருக்கும். சாயத்துக்கும் துவைப்புக்கும் மட்டும் அதைப் பருத்தியாக நினைக்கக் கூடாது.

## பனியன் நூல்?

திருப்பூர்ப் பனியன் துணிக் கழிவிலிருந்து வரும் டீ-ஷர்ட் நூல் மலிவு, பருமன். பெரிய பொம்மைக்கு இது ஆகாதா என்று கேட்பார்கள். கூடைக்கும் மிதியடிக்கும் அருமையான நூல். பொம்மைக்கு வேண்டாம். ஒரே உருளையில் அகலம் மாறி மாறி வரும், திமிங்கலம் ஒரு பக்கம் புடைக்கும். கனம் தாங்காமல் துடுப்பு தொங்கும். இறுக்கிப் பின்னினால் பத்துச் சுற்றில் மணிக்கட்டு விட்டுப்போகும்.

## உள்ளே என்ன வைப்பது

நூலைத் தேர்ந்தெடுத்தவர்கள் பஞ்சில் சறுக்குவார்கள். இந்த அளவுக்கு 700 முதல் 900 கிராம் வேண்டும், சில சமயம் நூலைவிடப் பஞ்சுக்கு அதிகம் செலவாகும். இதை முதலிலேயே சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ரெக்ரான் என்று கடையில் சொல்லும் பாலியெஸ்டர் பஞ்சு மூன்று நூலுக்கும் பொருந்தும். அமுக்கினால் எழும்பும், துவைக்கலாம். பொட்டலத்திலிருந்து எடுத்தபடி திணித்தால் கட்டி கட்டியாக வெளியே தெரியும். ஒவ்வொரு பிடியையும் விரலால் பிய்த்து மேகம் மாதிரி ஆக்கி, முதலில் ஓரச் சுவர்களை ஒட்டி வைத்து நடுவைக் கடைசியில் நிரப்புங்கள்.

இலவம்பஞ்சு வீட்டிலேயே இருக்கிறது என்பவர்களுக்கு: சிறிய வழவழப்பான இழைகள், கண்ணி இடுக்கு வழியாக மெல்ல மெல்ல வெளியேறும். நனைந்தால் கட்டிப்பட்டு, காய்ந்தாலும் பழைய உப்பல் வராது. தண்ணீரில் மிதக்கும் குணத்தால் ஒருகாலத்தில் உயிர்காப்புச் சட்டைகளில் இதைத்தான் அடைத்தார்கள். கடல் பிராணிக்குள் அது இருப்பது பொருத்தமாகத் தோன்றினாலும், தைத்த பைக்குள் அடைத்து, துவைக்காத அலங்காரப் பொம்மைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். துணித் துண்டுகளை அடைத்தால் கனம். அதோடு நிறம் நூல் வழியாகத் தெரியும்.

எப்போது திணிப்பது என்பதும் முக்கியம். 24 கண்ணியில் முடிக்கும்போது திறப்பின் குறுக்களவு 5 செ.மீ. சொச்சம், கை போகாது. 54 கண்ணிக்கு வரும்போதே தலையையும் வயிற்றையும் முழுக்க நிரப்பிவிட்டு, பிறகு ஆறேழு சுற்றுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. கடைசித் திறப்பை மூடாமல் ஓர் இரவு விட்டுவிடுங்கள். பஞ்சு படிந்து, காலையில் இன்னும் இரண்டு பிடி கேட்கும்.

அடிக்கடி துவைக்க வேண்டிய பொம்மை என்றால், பழைய தலையணை உறை போன்ற நீலத் துணியில் திமிங்கல வடிவப் பை தைத்து அதற்குள் பஞ்சை அடைத்து, வயிற்றுத் துண்டின் ஓரத்துக்கு அடியில் உடலில் 25 செ.மீ. ஜிப் வைக்கலாம். வயிற்றுத் துண்டின் அந்த ஓரத்தைத் தைக்காமல் மடலாக விட்டால் ஜிப் மறைந்துவிடும். கூடுதலாக ஒரு நாள் வேலை. ஆனால் மழைக்காலத்தில் மேலுறையை மட்டும் துவைத்து மறுநாளே காயவைத்துவிடலாம். பஞ்சோடு நனைந்த உருவத்துக்கு நல்ல வெயிலிலும் இரண்டு மூன்று நாள் ஆகும். ஆக்ரிலிக்கோ வெல்வெட்டோ எதுவானாலும் ஒவ்வொரு துவைப்பிலும் நுண்ணிய பிளாஸ்டிக் இழை தண்ணீரோடு போகிறது, அந்தத் தண்ணீர் போய்ச் சேருவதும் கடலில்தான். அழுக்கான இடத்தை மட்டும் ஈரத் துணியால் துடைப்பது பொம்மைக்கும் நல்லது.

## கண்

மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு எந்த நூலானாலும் பிளாஸ்டிக் கண் வேண்டாம். கருப்பு நூலால் தைத்துவிடுங்கள். வெல்வெட்டில் கண்ணி நெகிழ்வதால் பின்பக்க வட்டுத் தகடோடு கண்ணே வெளியே வந்துவிடும். பெரிய பிள்ளைகளுக்கு வைப்பதானாலும் உள்ளே ஒரு கெட்டித் துணி வட்டத்தை வைத்து அதன் வழியாகத் தண்டை விட்டுப் பூட்டுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் இடத்தில் இவ்வளவு பெரிய மென்பொம்மை எதுவுமே இருக்கக் கூடாது. இதில் நூலின் தரம் பேச்சே இல்லை.

விற்பதற்காகப் பின்னுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு.

## இன்னும் முடிவாகவில்லை என்றால்

மூன்று நூலிலும் ஒரு பந்து வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத் துடுப்பு பின்னுங்கள். 12 செ.மீ. நீளம், இரண்டு பக்கத் துணி, ஒரு மாலை வேலை. முடித்ததும் நாலு வரிசை பிரித்துத் திரும்பப் பின்னுங்கள். பிறகு நனைத்து நிழலில் போட்டு, எத்தனை மணியில் உள்மடிப்பு காய்ந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். திமிங்கலம் யாருக்கோ, அந்தப் பிள்ளையின் கையில் மூன்று துடுப்பையும் கொடுத்துப் பாருங்கள். எதைக் கீழே வைக்காமல் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு போகிறதோ, அதை உங்கள் கை தாங்குமா என்பது பிரித்துப் பின்னிய அந்த நாலு வரிசையில் தெரிந்திருக்கும். தேர்வான துடுப்பு வீணாகாது. திமிங்கலத்தின் இடப்பக்கத்துக்கு அதையே தைத்துக்கொள்ளலாம்.